பண்டைய நாகரிகம் படிக்க எந்தக் கற்கைநெறி? பேராதனையா, யாழ்ப்பாணமா, இந்தியாவா?

பீலிக்கரை (கொட்டகலை):

வணக்கம். தங்கச்சிக்காகக் கேட்கிறேன். உயர்தரத்தில் கலைப்பிரிவு. பாடங்கள் வரலாறு, இந்து நாகரிகம், புவியியல். தமிழ்மொழி மூலம். கலைப்பீடம் ஏதாவது ஒன்று கிடைக்கும் அளவுக்கு இசட் புள்ளி இருக்கிறது. அவளுக்கு எகிப்து, சுமேரியா, சிந்துவெளி என்றால் உயிர். அதைத்தான் படிப்பேன் என்கிறாள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கையேட்டைப் புரட்டிப் பார்த்தால் "பண்டைய நாகரிகங்கள்" என்று ஒன்று கண்ணில் படவே இல்லை. "கலை" என்று போட்டு, பல்கலைக்கழகங்களின் பெயர்தான் வரிசையாக இருக்கிறது.

பேராதனை என்றால் ரயிலேறினால் போய்விடலாம், வீட்டில் அதைத்தான் விரும்புகிறார்கள். யாழ்ப்பாணம் என்றால் தமிழிலேயே படிக்கலாம். இந்தியாவுக்குப் புலமைப்பரிசில் இருக்கிறதாம். தொல்லியலா, வரலாறா, இந்து நாகரிகமா, எதை எடுத்தால் அவள் நினைத்த இடத்துக்குப் போகலாம்? சிந்துவெளி எழுத்தைப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆசையும் உண்டு. விண்ணப்பத்தில் பல்கலைக்கழகங்களின் விருப்பு ஒழுங்கு நிரப்ப அதிக நாள் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

சாசனப்பிரியன்:

தம்பி, கையேட்டில் அந்தப் பெயரைத் தேட வேண்டாம். கலைப்பீடத்துக்குள் போன பிறகு பாடமாகத் தெரிவு செய்வதுதான் இங்கே வழி. அதனால் முதலில் தீர்மானிக்க வேண்டியது எந்த நாகரிகம் என்பதல்ல, எந்தச் சான்றோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்யப் பிடிக்கும் என்பதுதான். பண்டைய காலத்தை மூன்று வாசலால் நுழையலாம். மண்ணைத் தோண்டி, பானையோட்டையும் சாம்பலையும் எலும்பையும் வைத்துப் பேசுவது தொல்லியல். அக்கால மொழியைக் கற்று, களிமண் பலகையையோ கல்வெட்டையோ ஏட்டையோ நேரே வாசிப்பது மொழி வழி. கிரேக்கம், இலத்தீன், சமஸ்கிருதம், அக்காடியம் (பழைய மெசொப்பொத்தேமியாவின் மொழி) எல்லாம் இதில் அடங்கும். மற்றவர்கள் வாசித்ததையும் தோண்டியதையும் சேர்த்து எடைபோட்டு, அரசு எப்படி இயங்கியது, வணிகம் எப்படி நடந்தது என்று எழுதுவது வரலாறு. மூன்றுக்கும் மனப்பக்குவம் வேறு. இலக்கண அட்டவணையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காதவரை மொழி வழியில் அனுப்பினால் இரண்டாம் வருடத்திலேயே சலித்துவிடும். வெயிலும் அட்டையும் ஆகாதவருக்குக் களம் சரிவராது.

எகிப்து, சுமேரியா என்று ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மொழி வழியைத்தான் மனதில் வைத்திருக்கிறார்கள், அது தெரியாமலேயே. எகிப்திய எழுத்தை 1822இல் ஷம்போலியன் உடைத்ததற்கு 1799இல் கிடைத்த ரொசெற்றாக் கல் மட்டும் காரணமல்ல. அந்தக் கல்லை ஐரோப்பாவில் பலர் பார்த்தார்கள். அவருக்குக் கொப்டிக் மொழி தெரியும், அது பழைய எகிப்திய மொழியின் வாரிசு. 1952இல் வென்றிஸ் என்பவர் கிரீற் தீவிலும் கிரேக்கத்திலும் கிடைத்த லீனியர் பி என்ற பழைய எழுத்தை வாசித்தபோது உள்ளே இருந்தது கிரேக்கம், ஏற்கெனவே அறிந்த மொழி. எழுத்தை உடைப்பது புதிர் போடுகிற திறமை என்று நினைக்கிறார்கள். பாதிக்கு மேல் மொழியறிவு.

இனி சிந்துவெளி. ஐராவதம் மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்துவெளிப் பொறிப்புத் தொகுப்பில் 417 குறிகள். ஒரு முத்திரையில் சராசரியாக ஐந்து குறிதான். இருமொழிப் பொறிப்பு ஒன்றுகூட இதுவரை அகப்படவில்லை. உள்ளே என்ன மொழி என்பதிலேயே அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. இதை வாசிப்பவருக்குப் பத்து இலட்சம் டொலர் பரிசு என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு முதலமைச்சர் அறிவித்தார். அந்தப் பணத்தை நம்பிப் பட்டம் தெரிவு செய்யக் கூடாது என்று தங்கச்சிக்கு நான் சொன்னதாகச் சொல்லுங்கள். ஆனால் அந்த வழியில் போவதென்றால் வேண்டியது திராவிட ஒப்பிலக்கணம், சமஸ்கிருதம், கொஞ்சம் புள்ளிவிபரம். தமிழ்ப்பிள்ளைக்கு முதலாவதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும். சுமேரியம் ஒட்டுநிலை மொழி (வேர்ச்சொல்லோடு விகுதிகளை ஒட்டிக்கொண்டே போவது), தமிழும் ஒட்டுநிலை மொழி, ஆகவே இரண்டும் உறவு என்று இணையத்தில் நிறைய ஓடுகிறது. துருக்கியும் ஜப்பானிய மொழியும் ஒட்டுநிலைதான். நேர்முகத்திலோ கட்டுரையிலோ இதை எழுதினால் துறைசார்ந்தவர் அந்த இடத்திலேயே தாளை மூடிவைப்பார்.

மண்ணடுக்கு:

சாசனப்பிரியன் ஐயா சொன்னது சரி. ஆனால் அவர் எல்லாவற்றையும் மொழிப் பக்கம் சாய்க்கிறார். நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

இலங்கையில் இருந்துகொண்டு எகிப்தைப் பட்டநிலையில் ஆழமாகப் படிக்க வழி மிகக் குறைவு. இரும்புக்காலத்தையும் தொடக்க வரலாற்றுக் காலத்தையும் படிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. அநுராதபுரத்தில் பிராமி எழுத்துப் பொறித்த ஓடுகள் கி.மு. 4ஆம் நூற்றாண்டு அடுக்கிலிருந்து வந்தன. பொம்பரிப்பில் தாழிக்காடு, அதாவது இறந்தவரைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம். தம்புள்ளைக்குப் பக்கத்தில் இப்பன்கட்டுவவில் கற்பதுக்கைகள், கற்பலகையால் பெட்டி போல் அமைத்த புதைகுழிகள். மாந்தையில் இந்து சமுத்திரத்தின் இரு பக்கத்துப் பானையும். ஆனைக்கோட்டையில் பிராமி எழுத்தும் அதற்கு மேலே குறியீடும் சேர்ந்த முத்திரை. மலைநாட்டிலேயே பாருங்கள். கித்துல்கல பெலிலென குகையில் பத்தாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட மனித எச்சங்கள். பண்டாரவளைக் குன்றுகளில் குவார்ட்ஸ், சேர்ட் நுண்கருவிகள் குவியலாகக் கிடைத்தன, எலும்பு இல்லை. ஏன் என்று கேட்கப் பழகுவதுதான் தொல்லியல். தேயிலைக்கு உகந்த புளிப்பு மண் எலும்புக்குப் பகை. திறந்த குன்றில் மழை ஊறி எலும்பு கரைந்துவிடும், குகைக்குள் கூரை மறைப்பதால் நிற்கும். "பண்டாரவளையில் மனிதரே வாழவில்லை, வேட்டைக்கு மட்டும் வந்தார்கள்" என்று யாராவது எலும்பில்லாததை வைத்து எழுதினால் அது பிழை.

இந்த வேலை எப்படி என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். படத்தில் காட்டுவது போல மண்ணைக் கிளறிப் பொன் எடுப்பதல்ல. ஐந்து மீற்றர் சதுரமாகக் குழி அளந்து, குழிக்குக் குழி நடுவே மண்வரப்பு விடுவார்கள், அடுக்கு சுவரில் தெரியட்டும் என்பதற்காக. சிறு மேசன் கரண்டியால் சென்ரிமீற்றர் சென்ரிமீற்றராகச் சுரண்ட வேண்டும். மண்ணின் நிறம் மாறினால் உடனே நிறுத்தி, மன்செல் நிற அட்டையோடு ஒப்பிட்டு, புது அடுக்கு எண் கொடுத்து, படம் வரைந்து, பிறகுதான் தொடரலாம். எடுத்த மண் முழுக்கச் சல்லடைக்குப் போகும். கரித்துண்டைக் கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்ற வேண்டும். ஒரு நாள் தோண்டினால் இரண்டு நாள் கழுவுதல், எண் எழுதுதல், வரைதல்.

தொடக்கக்காரர் எல்லாரும் செய்யும் பிழை எலி வளையையும் பழைய குப்பைக் குழியையும் கவனிக்காமல் விடுவது. மேலிருந்து வெட்டிய குழிக்குள் விழுந்த ஓடு, கீழ் அடுக்கின் ஓடாகக் கணக்கில் ஏறிவிடும். பிறகு முழுக் காலக்கணிப்பும் கோணல்.

காலக்கணிப்பு என்றதும் கரியில் எஞ்சியிருக்கும் கார்பன் 14 எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். அரை ஆயுள் 5730 வருடம், சுமார் 50,000 வருடத்துக்கு அப்பால் அது எட்டாது. அதைவிட நமக்குப் பெரிய தலைவலி வேறு. கார்பன் அளவை உண்மையான வருடமாக மாற்ற உதவும் அளவுத்திருத்த வளைகோடு கி.மு. 800 முதல் 400 வரை தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு வருடத்துக்குள் விழும் கரித்துண்டு எதுவானாலும் ஆய்வுகூட முடிவு நூற்றுக்கணக்கான வருட அகலத்தில்தான் வரும். தமிழ்நாட்டின் கீழடி, அநுராதபுரம், இப்பன்கட்டுவ எல்லாம் நேரே அந்த வலைக்குள். "கீழடி கி.மு. 6ஆம் நூற்றாண்டு" என்ற செய்தித் தலைப்புக்கும் அறிக்கைக்குள் இருக்கும் எண்ணுக்கும் நடுவே உள்ள இடைவெளியை வாசிக்கத் தெரிந்தால் அவள் பாதித் தொல்லியலாளர்.

புவியியல் எடுத்திருக்கிறாள் என்பது இங்கே பெரிய பலம். வரைபடம், மண், நீரோட்டம், புவியியல் தகவல் முறைமை எல்லாம் களத்தில் நாளாந்த வேலை. பட்டத்தில் அதைக் கைவிட வேண்டாம்.

கம்பஸ்வாசல் (பேராதனை):

நடைமுறையை மட்டும் எழுதுகிறேன்.

கலைக் கற்கைநெறிக்குத் தெரிவாகிறவர்கள் முதல் வருடத்தில் சில பாடங்களை எடுக்க வேண்டும். சிறப்புப் பட்டத்துக்கு, அதாவது நான்கு வருடப் பட்டத்துக்கு, துறை தெரிவு செய்வது முதல் வருடப் பெறுபேற்றை வைத்துத்தான். மூன்று வருடப் பொதுப் பட்டத்தோடு நின்றால் தொல்லியல் பெயர் பட்டத்தில் வராது, முதுமாணிக்குப் போகும்போதும் இடர்ப்படும். ஆகவே முதல் வருடம் விளையாட்டல்ல. வந்த முதல் இரண்டு மாதம் விடுதி, பகிடிவதைப் பயம், வீட்டு ஞாபகம் என்று போய்விடுகிறது. பிறகு எண்ணிப் பார்த்தால் அரையாண்டுப் பரீட்சை. ஒரு பாட அலகில் சி தரத்துக்குச் சறுக்கினாலும் சிறப்புத் துறைக்கான போட்டியில் தெரிந்துவிடும்.

பேராதனையில் தொல்லியலுக்குத் தனித் துறை இருக்கிறது, வரலாற்றுக்கும் இருக்கிறது. செம்மொழிகள் துறையும் உண்டு, கிரேக்கமும் இலத்தீனும் சமஸ்கிருதமும் அங்கே. சிரத்தையான பிள்ளைக்குத் தொல்லியலோடு சமஸ்கிருதத்தையோ கிரேக்க உரோம நாகரிகத்தையோ சேர்த்து எடுக்கும் வாய்ப்பு ஒரே வளாகத்துக்குள் கிடைக்கிறது, அதுதான் பேராதனையின் பலம். நூலகம் இன்னொன்று. களனியிலும் தொல்லியல் துறை உண்டு, ரஜரட்டையில் தொல்லியலோடு மரபுரிமை முகாமைத்துவமும் உண்டு. ஆனால் தமிழ்மொழி மூலம் என்றவுடன் படம் மாறும்.

மொழிமூலத்தைப் பற்றி வெளிப்படையாகச் சொல்கிறேன். துறை இருக்கிறது என்பதும் அந்தத் துறையில் நான்கு வருடமும் தமிழில் விரிவுரை நடக்கும் என்பதும் ஒன்றல்ல. ஒரு விரிவுரையாளர் ஓய்வு பெற்றாலோ வெளிநாடு போனாலோ தமிழ்க் குழு ஆங்கிலக் குழுவோடு சேர்க்கப்படலாம். அதனால் விருப்பு ஒழுங்கு போடும் முன்னர் பீடத்துக்குத் தொலைபேசி எடுத்து, "தொல்லியல் உண்டா" என்று கேட்காமல் "இந்தக் கல்வியாண்டில் தொல்லியல் சிறப்புக்குத் தமிழ்மொழி மூலம் மாணவர் எடுக்கப்பட்டார்களா, இறுதி வருட ஆய்வுக்கட்டுரையைத் தமிழில் எழுதலாமா" என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு எல்லாரும் ஆம் என்பார்கள். இரண்டாவதுக்குத்தான் உண்மை வரும்.

யாழ்ப்பாணத்தில் தொல்லியல் தமிழில். வரலாற்றுத் துறையின் மடியில் வளர்ந்தது. இந்து நாகரிகமும் சமஸ்கிருதமும் அங்கே வலுவான பாடங்கள். ஆனைக்கோட்டை, கந்தரோடை, பூநகரி என்று வடக்கின் இடங்கள் எல்லாம் பக்கத்தில். பேராதனைக்குப் போகும் மாணவிக்கு அந்தக் களம் சுற்றுலா, யாழ்ப்பாண மாணவிக்கு அது அயல்.

விருப்பு ஒழுங்கில் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. "கிடைக்கும்" என்று நினைக்கிறதை முதலாவதாகப் போடுகிறார்கள். கணினி மேலிருந்து கீழாகத்தான் பார்க்கும். அதிகம் விரும்புவதை முதலில் போட்டால் நட்டமில்லை, புள்ளி போதாவிட்டால் அடுத்ததுக்குத் தானே இறங்கும்.

டீச்சரக்கா (பண்டாரவளை):

இடையில் ஒரு கேள்வி. சாதாரணதரம் முடித்த பிள்ளைகள் சிலர் இதே ஆசையோடு வருகிறார்கள். உயர்தரத்துக்கு எந்த மூன்றைச் சொல்லலாம்? கிரேக்க உரோம நாகரிகம் பாடத்திட்டத்தில் இருக்கிறது, ஆனால் எடுக்கலாமா?

மண்ணடுக்கு:

டீச்சர், வரலாறும் புவியியலும் கட்டாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இந்து நாகரிகமோ கிரேக்க உரோம நாகரிகமோ ஒரு மொழியோ. கிரேக்க உரோமத்துக்குத் தமிழில் நல்ல குறிப்பும் படிப்பிக்க ஆளும் மலைநாட்டில் கிடைக்குமா என்பதே உண்மையான கேள்வி. தானே படித்து எழுதலாம் என்று பிள்ளை சொன்னால் கடந்த வினாத்தாள்களைக் கையில் கொடுத்து ஒரு கட்டுரை எழுதச் சொல்லுங்கள், தெரிந்துவிடும். கணிதப் பிரிவில் போகக்கூடிய பிள்ளை தொல்லியலுக்கு வந்தால் ஒன்றும் வீணாகாது, காலக்கணிப்பும் நில அளவையும் அவர்கள் கையில். ஆனால் கலைப்பீடத்துக்கு வரும் வழி கலைப்பிரிவு பாடங்கள் வழியாகத்தான் சுலபம்.

சாசனப்பிரியன்:

மண்ணடுக்குக்கு ஒரு சின்னப் பதில். நான் மொழியை ஏற்றிச் சொல்வதற்கு இலங்கைக் காரணமும் இருக்கிறது. குகைகளில் உள்ள பழைய பிராமிச் சாசனங்கள் ஆயிரத்துக்கு மேல். பெரும்பாலானவை பழைய சிங்களப் பிராகிருதம். பாளியும் பிராகிருதமும் தெரியாமல் இலங்கையின் தொடக்க வரலாற்றில் கை வைக்க முடியாது. அதே போல தமிழ்ச் சாசனங்களும் குவிந்து கிடக்கின்றன, பொலன்னறுவையில் சோழர் காலத்தவை, கொழும்பு நூதனசாலையில் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹே காலிக்குக் கொண்டுவந்த, சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் வெட்டிய கல். பேராதனை வளாகத்திலிருந்து கம்பளைப் பக்கம் போனால் இலங்காதிலகப் பாறையில் சிங்களத்தோடு தமிழிலும் சாசனம் இருக்கிறது. 14ஆம் நூற்றாண்டு, கம்பளை இராச்சியக் காலம். மலைநாட்டுத் தமிழ்ப்பிள்ளை சாசனவியல் படிக்க இதைவிட அயல் வேண்டுமா?

சாசனம் படியெடுப்பதைத் தெரிந்துகொண்டால் இந்தத் துறை பிடிக்குமா என்பது தெரிந்துவிடும், எனவே சொல்கிறேன். கல்லைத் தூரிகையால் துடைத்துத் தண்ணீரில் கழுவ வேண்டும், பாசியைக் கூர்மையான எதனாலும் சுரண்டக் கூடாது. தாளைத் தண்ணீரில் நனைத்து எழுத்தின் மேல் விரித்து, மயிர்த் தூரிகையால் அடித்து அடித்து எழுத்துப் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். தாள் பாதி உலர்ந்ததும் துணிப்பந்தில் மை தொட்டு மெல்லத் தட்டிக்கொண்டு வந்தால் பள்ளம் வெள்ளையாகவும் சமதளம் கறுப்பாகவும் வரும். ஈரம் கூடினால் மை பரவி எழுத்து மூடிவிடும். அதிகம் காய்ந்தால் தாள் மேலெழும்பி எழுத்து இரட்டிக்கும். மலையில் காற்று வேறு, தாளின் விளிம்பை ஒருவர் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் வேலை ஒரு மழைத்துளியில் போகும். இதெல்லாம் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதியோடுதான், தனியாகப் போய்ப் பாறையில் தாள் ஒட்டக் கூடாது.

அந்தச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் தொல்பொருள் என்பது 1815 மார்ச் 2க்கு முற்பட்டது. கண்டி ஒப்பந்தம் கைச்சாத்தான நாள். தேயிலை மலையில் கற்கருவியோ பானையோடோ கண்டால் எடுத்துப் பைக்குள் போட வேண்டாம். இடத்திலேயே வைத்துப் படம் எடுத்து, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து, திணைக்களத்துக்கு அறிவியுங்கள். எடுத்த பொருளுக்கு இடம் போய்விடும், இடம் போன பொருளுக்குக் கதை இல்லை.

குளிர்க்காற்று (நுவரெலியா):

இந்தியாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. பட்டப்படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசில், முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில். இரண்டும் இந்தியத் தூதரகம் வழியாக அறிவிக்கப்படும், கண்டியில் உதவித் தூதரகம் இருப்பது நமக்கு வசதி. எந்தப் பாடங்களுக்கு என்பது அந்த வருட அறிவிப்பில் இருக்கும், அதை முழுதாக வாசியுங்கள். பட்டத்துக்கு இந்தியா போவதைவிட இங்கே பட்டம் முடித்து முதுமாணிக்குப் போவது நல்லது என்பது என் அபிப்பிராயம். காரணம், பட்டத்தில் துறை மாற வேண்டியிருந்தால் இங்கே மாறலாம், அங்கே புலமைப்பரிசிலோடு மாற முடியாது.

முதுமாணிக்கு இடம்: புனேயில் டெக்கான் கல்லூரி, இந்தியாவில் தொல்லியலுக்கென்றே பெயர்பெற்றது, வேறு பாடத்தில் பட்டம் எடுத்தவரையும் சேர்க்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பண்டைய வரலாறும் தொல்லியலும் சேர்ந்த துறை. தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் கல்வெட்டியல். தமிழ்ச் சாசனம்தான் வாழ்க்கை என்றால் தஞ்சாவூர், களமும் ஆய்வுகூடமும் என்றால் புனே. இங்கேயே என்றால் கொழும்பில் களனிப் பல்கலைக்கழகத்தின் கீழ் 1986இலிருந்து தொல்லியல் பட்டமேற்படிப்பு நிறுவனம் இயங்குகிறது.

எகிப்தும் மெசொப்பொத்தேமியாவும் என்றால் ஐரோப்பா, அமெரிக்கா. ஜேர்மனியில் அரசப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கற்கைக் கட்டணம் இல்லை. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து வருவோரிடம் அரையாண்டுக்கு 1500 யூரோ எடுக்கிறது. கட்டணம் இல்லாத இடத்திலும் விசாவுக்கு வங்கியில் ஒரு வருடச் செலவு முடக்கி வைக்க வேண்டும், 2024 செப்டெம்பர் முதல் அது 11,904 யூரோ. பட்டநிலையில் ஜேர்மன் மொழி வேண்டும். அக்காடியம் படிக்கப் போனாலும் ஜேர்மனும் பிரெஞ்சும் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும், அத்துறையின் அகராதியும் இலக்கணமும் பாதி அந்த மொழிகளில்தான்.

எங்கே போனாலும் அந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தை இங்கே மானியங்கள் ஆணைக்குழு ஏற்றுக்கொள்ளுமா என்று புறப்பட முன்னர் பார்த்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து அரச வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அது இல்லாமல் போனவர்கள் உண்டு.

பீலிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. எழுதியதைத் தங்கச்சிக்கு வாசித்துக் காட்டினேன். பண்டாரவளை எலும்புக் கதையைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். தொல்லியல்தான் என்கிறாள், சுமேரியாவைக் கைவிடவும் மனமில்லை. இன்னும் இரண்டு கேள்வி. ஆங்கிலம் அவளுக்கு வாசித்தால் விளங்கும், எழுத வராது. பேராதனை போட்டால் தாக்குப்பிடிப்பாளா? முடிவு வரும் வரை வீட்டில் சும்மா இருக்கிறாள், என்ன படிக்கலாம்?

சாசனப்பிரியன்:

வாசித்தால் விளங்குகிறது என்றால் போதும், எழுத்து இரண்டு வருடத்தில் வரும். தொல்லியலில் ஒரு சதுரத்துக்கு ஒரு பக்கப் பதிவு எழுதுகிறீர்கள். சொற்கள் நூற்றைம்பது இருநூறுக்குள் திரும்பத் திரும்ப வரும். அவளை ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, அடுக்கு, வரப்பு, எச்சம், சூழல், அளவுத்திருத்தம் என்று இருமொழியில் எழுதிப் பழகச் சொல்லுங்கள். சிங்களம் பேசுவாளா என்பதையும் பாருங்கள். களத்தில் தொழிலாளரும் திணைக்கள அலுவலரும் சிங்களத்தில் பேசுவார்கள், சிங்களம் தெரிந்த தமிழ்ப்பிள்ளைக்கு அங்கே மரியாதை வேறு. மத்திய கலாசார நிதியத்திலும் திணைக்களத்திலும் வேலைக்குப் போகும்போதும் அதே கதை.

சுமேரிய ஆசையை இப்போதே சோதித்துப் பார்க்கலாம், காசு செலவில்லை. சிக்காகோவின் அசிரிய அகராதி (உள்ளே இருப்பது அக்காடிய மொழி) 21 பாகமும் இலவசமாக இணையத்தில் இருக்கிறது. 1921இல் தொடங்கி 90 வருடம் எடுத்த வேலை. ஒக்ஸ்போர்டின் சுமேரிய இலக்கியத் தொகுப்பு மூலமும் மொழிபெயர்ப்புமாக இருக்கிறது. ஆப்பெழுத்தில் முப்பது குறியைக் கையால் களிமண்ணில் அழுத்திப் பழகட்டும், முறித்த ஐஸ்கிரீம் குச்சி போதும். முப்பதோடு சலிப்பு வந்தால் அது ரசனை, தொழிலல்ல. அறுபது எழுதியும் இருந்த இடத்தை விட்டு எழும்பாவிட்டால் மொழி வழியை மறக்க வேண்டாம், சமஸ்கிருதத்தைத் துணைப்பாடமாக எடுத்துக்கொள்ளட்டும். அக்காடியம் செமித்திய மொழி, அரபு தெரிந்த தோழி இருந்தால் இன்னும் சுலபம். இலங்கைத் தமிழ் நூல்களுக்கும் மலருக்கும் நூலகம் இணையத்தளம், பேராசிரியர் பத்மநாதனின் சாசன ஆய்வுகளும் தேடி எடுக்கலாம்.

கம்பஸ்வாசல் (பேராதனை):

ஒழுங்கைப் பற்றி என் கருத்து இது, முடிவு அவளுடையது. வீட்டுக்குப் பக்கம் என்ற காரணத்துக்காக மட்டும் பேராதனையை முதலாவது போட வேண்டாம். ஆங்கிலத்தில் நான்கு வருடம் இழுத்துப்பிடிப்பேன் என்று அவளே சொன்னால் பேராதனை, யாழ்ப்பாணம் என்ற ஒழுங்கு. தமிழில்தான் ஆழமாக எழுத முடியும் என்றால் யாழ்ப்பாணம், பேராதனை. யாழ்ப்பாணம் போனாலும் ஆங்கிலத்தை விட்டுவிட முடியாது, வாசிக்க வேண்டிய அகழ்வறிக்கை எல்லாம் ஆங்கிலத்தில்தான். மூன்றாவதாகக் களனி.

மகாபொல புலமைப்பரிசிலுக்கும் மாணவர் நிதியுதவிக்கும் விண்ணப்பிக்கும்போது பெற்றோர் வருமானச் சான்று, கிராம சேவகர் கடிதம் எல்லாம் கேட்பார்கள். தோட்டத்துச் சம்பளப் பட்டியலைப் பெற நாளெடுக்கும், தோட்ட அலுவலகத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். கடைசி வாரத்தில் ஓடினால் கணக்குப்பிள்ளை லீவில் இருப்பார்.

மண்ணடுக்கு:

துறைக்குத் தொலைபேசி எடுக்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: மாணவர்களுக்குக் களப்பயிற்சி எத்தனை நாள், எந்த இடத்தில், செலவை யார் ஏற்பது. இரண்டு வாரத்துக்குக் குறைவான களப்பயிற்சி என்றால் அது ஏட்டுத் தொல்லியல். பயிற்சியின் போது நாளாந்தப் பதிவேட்டை மாணவரே எழுதுகிறாரா, இல்லை மேற்பார்வையாளர் எழுதி மாணவர் மண் சுமக்கிறாரா என்பதையும் இறுதி வருட மாணவர் யாரையாவது பிடித்துக் கேளுங்கள். அலுவலகம் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.